சிகேத்தை வழியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் ருமேனியாவின் வட எல்லையைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தோம். அந்தப் பக்கத்தைப் பற்றித் தமிழில் எழுதுவோரே அரிது என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் ‘சிகேத்தில் பார்க்க ஒன்றுமில்லை, நேரே சப்பின்ட்சா கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவிடலாம்’ என்று கட்டுரை சொல்லும் யோசனையை எங்களால் ஏற்க முடியவில்லை. அதை நம்பிப் புறப்படுகிறவர்கள் அத்தனை தூரம் பறந்துபோய், பார்க்க வேண்டியதில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பார்க்காமல் திரும்புவார்கள். இந்த வட்டாரத்துக்குக் குறைந்தது மூன்று முழு நாள் வேண்டும். ஏன் என்பதையும் அந்த நாட்களை எப்படிப் பிரிப்பது என்பதையும் எழுதுகிறோம்.

ஊரின் முழுப் பெயர் சிகேத்து மர்மாட்சியே; பேச்சில் சிகேத். மராமுரெஷ் மாவட்டத்தில், டீசா ஆற்றின் தென்கரையில், முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். எதிர்க்கரை உக்ரைன். மலையிலிருந்து வரும் ஈசா ஆறு இங்கேதான் டீசாவில் கலக்கிறது. கொஞ்சம் மேலே, வாது இசேய் கிராமத்தில், மாரா ஆறு ஈசாவோடு சேர்கிறது. மாராவுக்கு ஒரு துணையாறு கொசவ். கிராமங்கள் எல்லாம் இந்த மூன்று ஆறுகளின் ஓரமாகத்தான் வரிசையாக இருக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகப் பெரும்பாலும் சிகேத் பக்கம் இறங்கித்தான் ஏற வேண்டும். ஆகவே கிராமங்களின் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடுவதைவிட, ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்வதே சரி.

1326ஆம் ஆண்டு ஆவணத்திலேயே ஊரின் பெயர் வந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் இப்பகுதிக்கு மதிப்பைத் தந்தது உப்பு. ஒக்னா ஷுகதாக், கொஷ்டுய், ஆற்றுக்கு அப்பால் ஸ்லாட்டினா என்று சுற்றிலும் உப்புச் சுரங்கங்கள் இருந்தன. வெட்டிய உப்பு தெப்பங்களில் ஏறி டீசா வழியாக ஹங்கேரியச் சமவெளிக்குப் போனது. ஒக்னா ஷுகதாக்கில் இடிந்து விழுந்த சுரங்கங்கள் இன்று உப்புநீர் ஏரிகள். கோடையில் மக்கள் அதில் மிதக்க வருகிறார்கள்.

எல்லை இங்கே பழையது அல்ல. முதல் உலகப் போர் வரை ஆற்றின் இரு கரையும் ஹங்கேரியின் ஒரே மாவட்டம். 1920இல் த்ரியானோன் ஒப்பந்தம் டீசாவை எல்லையாக்கியது. வடகரை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய், 1945இல் சோவியத் ஒன்றியத்தின் கைக்கு மாறி, 1991 முதல் சுதந்திர உக்ரைனில் இருக்கிறது. ருமேனியாவுக்கு வந்த தென்கரையும் 1940 முதல் 1944 வரை மீண்டும் ஹங்கேரியின் கையில் இருந்தது. இந்தக் கோடு கிழித்த விதத்தில் சிகேத்தின் ரயில் பாதை அண்டை நாட்டுக்குள் புகுந்து வெளிவர வேண்டியதாயிற்று. சொந்த நாட்டின் மற்ற பகுதிகளோடு சேர, சால்வாவிலிருந்து விஷேவுக்கு மலையைக் குடைந்து ஒரு பாதை போட்டு முடிக்க 1949 ஆகிவிட்டது. சிகேத் அருகே பாதையை உற்றுப் பார்த்தால் ஒரே படுகையில் நான்கு தண்டவாளம் கிடப்பது தெரியும். ஐரோப்பிய அகலம் 1,435 மில்லிமீட்டர், சோவியத் அகலம் 1,520. வேறுபாடு 85 மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரு தண்டவாளத்தைப் பொதுவாக வைத்து மூன்றோடு சமாளிக்க இடம் போதாது, அதனால் நான்கு.

மக்களும் அப்படித்தான் கலந்திருக்கிறார்கள். ஆற்றுக்கு அப்பால் ருமேனிய மொழி பேசும் ஊர்கள் உண்டு. இப்பால் ரோனா டே சூஸ், ரெமேட்சி போன்ற கிராமங்களில் உக்ரைன் மொழி பேசுகிறார்கள். கும்புலுங் லா டீசாவில் ஹங்கேரிய மொழி. ‘ஒரே மாதிரியான ருமேனியக் கிராமங்கள்’ என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது வருத்தமாக இருந்தது.

இனி, பார்க்க ஒன்றுமில்லாத ஊர் என்று சொல்லப்பட்ட சிகேத்துக்கு வருவோம். ஊரின் நடுவே 1897இல் கட்டிய சிறைச்சாலை ஒன்று இருக்கிறது. 1950 மே மாதம் ஓர் இரவில் நாட்டின் பல பகுதிகளிலிருந்து முன்னாள் அமைச்சர்கள், பேராசிரியர்கள், படைத்தலைவர்கள், பத்திரிகையாளர்கள் என நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுவந்து இங்கே அடைத்தது அன்றைய கம்யூனிச அரசு. பின்னர் கிரேக்கக் கத்தோலிக்க ஆயர்களும் வந்து சேர்ந்தார்கள். பலர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். சிலருக்கு விசாரணையும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. இந்தச் சிறையைத் தேர்ந்தெடுத்ததற்கு எல்லையும் ஒரு காரணம். சோவியத் மண் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தது. இங்கிருந்து தப்பித்துப் போக ஒரு திசையும் இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளேயே இறந்தார்கள். நாட்டின் பிரதமராக இருந்த யூலியு மானியு 1953 பிப்ரவரி 5 அன்று ஒன்பதாம் எண் அறையில் உயிர்விட்டார். உடல்களை இரவில் எடுத்துச் சென்று அடையாளம் இல்லாமல் புதைத்தார்கள்.

கவிஞர் ஆனா பிளாந்தியானாவும் எழுத்தாளர் ரோமுலுஸ் ருசானும் முன்னின்று இந்தக் கட்டடத்தை நினைவகமாக மாற்றினார்கள். சிறை அறை ஒவ்வொன்றும் இன்று ஒரு காட்சிக்கூடம்: கட்டாய நிலப் பறிப்பு, மலைகளில் ஒளிந்து போராடியவர்கள், பெண் கைதிகள், அன்றாடக் கண்காணிப்பு என்று அறைக்கு ஒரு பொருள். மூன்று மாடியும் நிதானமாகப் பார்க்க மூன்று மணி நேரம் வேண்டும்; அரை மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவருகிறவர்களுக்கு வெறும் அறைகள்தான் நினைவில் நிற்கும். தரைத்தளத்தில் நாடெங்கும் இருந்த சிறைகளையும் முகாம்களையும் குறித்த வரைபடம் இருக்கிறது. முதலில் அதன் முன் நின்றுவிட்டு மாடி ஏறினால் மற்றவை புரியும். முற்றத்தில் ஆடையின்றி நிற்கும் மனித உருவங்களின் வெண்கலக் கூட்டம் சிற்பி அவுரேல் வ்லாத் செய்தது. அதைத் தாண்டி நிலத்தடியில் இறங்கும் சரிவுப் பாதையின் இரு சுவர்களிலும் சிறைகளில் இறந்தவர்களின் பெயர்களை ஆயிரக்கணக்கில் பொறித்திருக்கிறார்கள். ஊருக்கு வெளியே ஏழைகளின் கல்லறை எனப்படும் திடலையும் தவறவிடக் கூடாது. சிறையில் இறந்தவர்களை எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாததால், நாட்டின் எல்லைக்கோட்டை அப்படியே தரையில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியிலை மரங்களை நட்டு, திடல் முழுவதையுமே நினைவிடமாக்கியிருக்கிறார்கள்.

சிறையிலிருந்து சில நிமிட நடையில், தெருமுனையில் ஒரு தாழ்ந்த வீடு. யூதப் படுகொலையிலிருந்து உயிர்தப்பிய எழுத்தாளர் எலி வீசல் 1928இல் இவ்வூரில் பிறந்து இந்த வீட்டில் வளர்ந்தவர். 1986இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊர் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் யூதர். 1944 மே மாதம், ஒரு வாரத்துக்குள், சிகேத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் இருந்து திரட்டிய யூதர்களை ரயிலேற்றி நாஜிகளின் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். வீசலின் வீடு 2002 முதல் அருங்காட்சியகம். ஊரில் பல தொழுகைக்கூடங்கள் இருந்தன. 1885இல் கட்டிய ஒன்று மிஞ்சியிருக்கிறது. கிராமங்களில் தேவாலயம் தேடிப் போகிற வழியில் புல் மண்டிய யூதக் கல்லறைகளும் கண்ணில் படும். வண்டியை நிறுத்தி அவற்றையும் பாருங்கள்.

எல்லைப் பாலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதியிருப்பது ஆபத்தான அறிவுரை. ‘பாலத்தில் நடந்து உக்ரைனில் கால் வைத்துவிட்டு வரலாம்’ என்கிறது. டீசாவின் மேலுள்ள அந்த மரப் பாலம் 2007இல் திறந்தது; முந்தைய பாலம் இரண்டாம் உலகப் போரில் அழிந்துபோனது. 2022 பிப்ரவரி இறுதியிலிருந்து குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக இதே பாலத்தில்தான் நடந்து வந்தார்கள். வரும் குழந்தைகள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இவ்வூர் மக்கள் கைப்பிடி ஓரம் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். அக்கரை இன்று போர்க்காலச் சட்டத்தின் கீழுள்ள நாடு. அதை ஒதுக்கி வைத்தாலும் விசா பிரச்சினை இருக்கிறது. ருமேனியா 2024 மார்ச் 31 முதல் வான், கடல் வழியாகவும் 2025 ஜனவரி 1 முதல் நில வழியாகவும், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேர்ந்துவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டில் ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா வைத்திருப்பவர் சிகேத் பாலத்தைத் தாண்டினால் விசா அங்கேயே தீர்ந்தது; திரும்பி ருமேனியாவுக்குள் வர வழியில்லை. நம்மவர்கள் பெரும்பாலோர் வாங்குவது இந்த விசாதான். ஆகவே பாலத்தை இக்கரையிலிருந்து பார்த்தால் போதும். சோதனைச் சாவடியையும் காவலர்களையும் படம் எடுக்காதீர்கள். ஆற்றில் இறங்காதீர்கள். இன்னொன்று: டீசா ஓரக் கிராமங்களில் கைப்பேசி தானாகவே உக்ரைன் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங் கட்டணம் எகிறும். அமைப்பில் போய் ருமேனிய நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் தொல்லை இல்லை.

ஷெங்கனில் சேர்ந்ததில் ஒரு நன்மையும் உண்டு. ஹங்கேரியிலிருந்து சாலை வழியாக வந்தால் இப்போது எல்லைச் சோதனை வழக்கமாக இல்லை. புடாபெஸ்டில் இறங்கி, சாட்டு மாரே வழியாக சிகேத் வருவது எளிதாகிவிட்டது. கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும்.

அடுத்தது மரத் தேவாலயங்கள். கட்டுரையில் பெரும் பிழை இங்கேதான். ‘யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பர்சானா தேவாலயம்’ என்று போட்டிருக்கும் படம் 1993க்குப் பிறகு எழுந்த புதிய மடத்தின் படம். பூந்தோட்டமும் உயர்ந்த கோபுரமுமாக அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இருப்பது அதே கிராமத்தில் வேறொரு மேட்டில், மரங்களுக்கு நடுவே நிற்கும் 1720ஆம் ஆண்டின் சிறிய தேவாலயம். பேருந்தில் வரும் கூட்டம் மடத்தைப் பார்த்துவிட்டு, பழையதைப் பார்த்தாயிற்று என்று நம்பித் திரும்பிவிடுகிறது. இதே குழப்பம் இன்னும் இரண்டு ஊர்களில் நேரும். யேவுதில் இரண்டு மரத் தேவாலயங்கள். பட்டியலில் உள்ளது மேட்டின் மேல் இருப்பது. புதெஷ்டியிலும் இரண்டு, பட்டியலில் உள்ளது கீழ்த்தெருவில் இருக்கும், 1643இல் கட்டிய ஜோசானி தேவாலயம். வழி கேட்கும்போது யேவுதுக்கு ‘தேயால்’ (மேடு), புதெஷ்டிக்கு ‘ஜோசானி’ என்பதையும் ஊர்ப் பெயரோடு சேர்த்துக் கேளுங்கள்.

1999இல் யுனெஸ்கோ சேர்த்தவை மொத்தம் எட்டு. அவற்றில் ஐந்துதான் சிகேத் பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் உள்ளன: பர்சானா, யேவுத், பொயேனிலே இசேய், புதெஷ்டி, தெசெஷ்டி. ஷுர்தெஷ்டி, ப்ளோபிஷ், ரொகோஸ் மூன்றும் குட்டுய் மலைக்குத் தெற்கே. எட்டையும் சிகேத்திலிருந்து ஒரே நாளில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் இரண்டு தடவை மலை ஏறி இறங்குவதிலேயே பகலைத் தொலைக்கிறார்கள். ஷுர்தெஷ்டியையும் ப்ளோபிஷையும் மாவட்டத் தலைநகரான பாயா மாரேயிலிருந்து வரும்போதோ திரும்பும்போதோ முடித்துக்கொள்ளுங்கள்; இரண்டும் அருகருகே இருக்கின்றன.

இந்தக் கட்டடங்களைப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. உள்ளே நுழையுமுன் வெளியே ஒரு சுற்று வாருங்கள். அடியில் கல் வரிசை. அதன் மேல் ஓக் அல்லது ஊசியிலை மரத்தைச் செதுக்கிய கனத்த சட்டங்கள் கிடைமட்டமாக ஒன்றன்மேல் ஒன்று. மூலையில் சட்டங்கள் புறாவால் வடிவில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன, முளைகளும் மரமே. மேல் வரிசைச் சட்டங்கள் சுவரைத் தாண்டி நீண்டு, படிப்படியாகச் செதுக்கப்பட்டு, இறவாணத்தைத் தாங்குகின்றன. பல தேவாலயங்களில் சுவரைச் சுற்றிலும் முறுக்கிய கயிறு போலச் செதுக்கியிருப்பார்கள். கூரை இரண்டு அடுக்கு: மேல் கூரை நடுக்கூடத்தின் மேலே, கீழ்க் கூரை சுவரை நனையாமல் காக்க. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு சன்னல்கள் வழியாகத்தான் உள்ளே வெளிச்சம் வருகிறது.

கூரையில் இருப்பது மரச் சில்லுகள். ஒரு கட்டடத்தின் ஆயுளே அவற்றில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முடிச்சில்லாத, நேராக நார் ஓடும் ஊசியிலை மரத்தைத் தேர்ந்தெடுத்து, குட்டையாகத் துண்டு போட்டு, கத்தியை மேலே வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி நார் போன போக்கிலேயே பிளக்கிறார்கள். பிறகு இழைப்பு பெஞ்சில் காலால் அழுத்திப் பிடித்து இருகைப்பிடிக் கத்தியால் சீவுகிறார்கள். பிளந்த சில்லில் நார் முழுசாக இருப்பதால் மழைநீர் அதன் மேலேயே வழுக்கி ஓடிவிடும். இயந்திரத்தில் அறுத்த சில்லில் ரம்பம் நாரைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. வெட்டுவாய் ஒவ்வொன்றும் தண்ணீரைக் குடித்து, சில்லு முறுக்கிக்கொண்டு, சீக்கிரம் உளுத்துப்போகிறது. பார்வைக்கு அறுத்தது ஒரே சீராக இருக்கும். பிளந்தது கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கும். கோணலாக இருப்பதுதான் நல்ல கூரை. நிறைய இடங்களில் பழுதுபார்ப்பு கெட்டுப்போவது இரண்டு காரணங்களால்: செலவு மிச்சம் என்று அறுத்த சில்லைப் போடுவது, பளபளப்பு வேண்டும் என்று வார்னிஷ் பூசி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவது. அடிக்கல்லைச் சுற்றி சிமென்ட் தளம் போட்டாலும் இதே கதைதான். தரையின் ஈரம் வெளியேற இடமில்லாமல் அடிச் சட்டத்தில் ஏறுகிறது.

உள்ளே நுழையும் முன்கூடம் தாழ்ந்தது, இருண்டது. பெண்கள் நிற்கும் இடம் அது. அடுத்தது ஆண்கள் நிற்கும் நடுக்கூடம். வளைந்த மரக் கூரை. அதற்கப்பால் பலிபீடம். சட்டங்களின் இடுக்குகள் மேல் துணிப் பட்டைகளை ஒட்டி, வெள்ளை பூசி, அதன் மேல் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். மரம் அசைய அசைய இந்தப் பட்டைகள்தான் முதலில் கிழியும். சுவரில் நீளவாக்கில் தெரியும் வெடிப்புகளுக்குக் காரணம் அதுவே. தெசெஷ்டியில் ராது முந்தேயானு 1780இல் வரைந்தவை நிறம் மங்காமல் இருக்கின்றன. பொயேனிலே இசேய் தேவாலயம் 1604இல் கட்டியது, ஓவியங்கள் 1794இல் வந்தவை. முன்கூடத்துச் சுவரில் இறுதித் தீர்ப்பும் நரகமும். எந்தப் பாவத்துக்கு என்ன வதை என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார்கள். கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் கொடுங்கள். ஃபிளாஷ் போடாதீர்கள், ஓவியத்தைத் தொடாதீர்கள், அந்த வெள்ளைப் பூச்சு விரல் பட்டாலே உதிரும்.

கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டாம். வாரத் தொழுகை இப்போது பெரும்பாலும் பக்கத்திலுள்ள பெரிய கல் தேவாலயத்தில்தான். பழைய தேவாலயத்தின் சாவி அருகிலிருக்கும் வீட்டில் இருக்கும். தொலைபேசி எண்ணைக் கதவிலேயே ஒட்டியிருப்பார்கள். எதிர்ப்படுகிறவரிடம் ‘கேயா’ என்று கேட்டால் சாவிக்காரர் வீட்டைக் காட்டுவார். நுழைவுக் கட்டணத்தைச் சில்லறை நோட்டாகக் கொடுங்கள். அட்டை எடுக்க மாட்டார்கள். கிராமங்களில் பணம் எடுக்கும் இயந்திரம் அரிது என்பதால் ருமேனிய நாணயமான லெய் நோட்டுகளை சிகேத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிறு காலை தொழுகை நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகாதீர்கள். ஆனால் தொழுகை முடிந்து ஊர் முழுவதும் பூவேலைச் சட்டையும் கம்பளி மேலாடையுமாகத் தெருவில் நடந்து வரும் காட்சியை அன்றுதான் பார்க்க முடியும். கேட்டுவிட்டுப் படம் எடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

சிகேத்துக்கு ஒரு நாள், ஈசா பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் என்றால், மாரா, கொசவ் பள்ளத்தாக்குகளுக்குச் சேர்த்து மூன்றாவது முழு நாள். கொசவ் ஓரமுள்ள சர்பியில் ஆற்று நீரால் ஓடும் பட்டறைகளைப் பாருங்கள். ‘வுல்துவாரே’ என்பது துணி துவைக்கும் சுழல். ஆற்றிலிருந்து மரக் கால்வாயில் வரும் தண்ணீர் உயரத்திலிருந்து ஒரு குழிக்குள் சரிவாக விழுகிறது. குழியின் சுவர் மேலே அகலமும் அடியில் குறுகலுமாக, இடைவெளி விட்டுப் பொருத்திய பலகைகளால் ஆனது. தண்ணீர் சுழன்றடித்து இடைவெளிகள் வழியாக வெளியேறும். கம்பளி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சோப்புத் தூள் எதுவும் கிடையாது. அழுக்கெடுப்பது இதன் ஒரு வேலை மட்டுமே. தறியிலிருந்து தளர்வாக இறங்கும் ‘செர்கா’ என்னும் கம்பளிப் போர்வை இந்தச் சுழலில் மணிக்கணக்கில் சுற்றிய பிறகுதான் இழை நெருங்கி, மயிர் எழும்பி, போர்த்தத் தகுந்ததாகிறது. அளவுக்கு மீறிச் சுற்றினால் சுருங்கி விறைத்துவிடும். மழையில்லாத கோடை வாரங்களில் தண்ணீர் குறைந்து சுழலும் நின்றுவிடும். ஓடுகிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்திலேயே நீர்ச்சக்கரம் தூக்கிப் போடும் மரச் சம்மட்டிகள் கம்பளித் துணியை இடித்து இறுக்கும் பட்டறையும் உண்டு. போர்வை வாங்க நினைப்பவர்கள் முகர்ந்து பார்த்து வாங்குங்கள்: ஆட்டு வாசனை அடித்தால் கம்பளி, எந்த வாசனையும் இல்லாமல் பளிச்சென்று இருந்தால் கலப்பு நூல்.

செதுக்கிய மர வாயில்களுக்குத் தனியாக எங்கும் போக வேண்டாம். எந்தப் பள்ளத்தாக்கிலும் வீட்டுக்கு வீடு இருக்கும். ஓக் தூண்கள் மூன்று. வண்டி போகப் பெரிய வழி, ஆள் போகச் சிறிய வழி, மேலே மரக் கூரை. சூரியன், கயிறு, உயிர்மரம் என்று செதுக்கல்கள். வாயிலுக்குப் பின்னால் இருந்த மர வீடுகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் உழைத்த பணத்தில் கான்கிரீட் மாடி எழும்போது பழைய வீட்டைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். மிஞ்சியதை ஓரிடத்தில் பார்க்க சிகேத்தின் கிழக்கே தொபயேஷ் குன்றில் 1981இல் திறந்த திறந்தவெளிக் கிராம அருங்காட்சியகம் உதவும். கிராமங்களுக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிட்டால் எந்தப் பள்ளத்தாக்கு வீடு எப்படி என்று கண்ணுக்குப் பிடிபட்டுவிடும்.

சப்பின்ட்சாவையும் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சிகேத்துக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மரச்சிற்பி ஸ்தான் யோன் பத்ராஷ் 1935இல் தொடங்கி 1977இல் தான் இறக்கும்வரை அங்கே கல்லறைச் சிலுவைகளைச் செதுக்கினார். அவரிடம் தொழில் கற்ற துமித்ரு போப் அதைத் தொடர்ந்தார். எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓக் சிலுவைகள். மேலே மழை படாமல் சிறு கூரை, அடுத்து இறந்தவர் செய்த தொழிலைக் காட்டும் புடைப்புப் படம், கீழே அவரே பேசுவதுபோல் வட்டார வழக்கில் பாட்டு, எல்லாம் நீலப் பின்னணியில். ‘சிரிப்புக் கல்லறை’ என்று கட்டுரை கொண்டாடுகிறது. படித்துப் பார்த்தால் குடியால் போனவர், சாலையில் அடிபட்ட குழந்தை, போரில் மாண்டவர் என்று ஊரின் துயரமெல்லாம் அங்கே இருக்கிறது; சிரிக்க வைப்பவை சில. வழிகாட்டியோ மொழிபெயர்ப்போ இல்லாமல் போனால் வண்ணங்கள் மட்டுமே கிடைக்கும். மேலும் அது இன்றும் ஊர்மக்களைப் புதைக்கும் இடம். சிலுவையில் சாய்ந்து படம் எடுப்பதும், பூப்பாத்தியை மிதிப்பதும் கூடாது. பேருந்துக் கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் வரும், ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

போக்குவரத்து: அருகிலுள்ள விமான நிலையம் பாயா மாரே, அங்கிருந்து குட்டுய் கணவாய் வழியாக 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கணவாயின் உயரம் 987 மீட்டர். பனிமூட்டமும் குளிர்காலத்தில் உறைபனியும் சாதாரணம். க்ளூஷிலிருந்து காரில் நான்கு மணி நேரம். ரயில் அழகான பாதை, ஆனால் மிக மெதுவு. கிராமப் பேருந்துகள் பள்ளி, சந்தை நேரத்துக்கு ஏற்றபடி ஓடுபவை. சனி, ஞாயிறில் நம்ப முடியாது. கார் எடுப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் கொண்டுபோங்கள். தேசியச் சாலைகளுக்கான ‘ரொவினியேட்டா’ என்னும் சாலைக் கட்டணம் கட்டியிருக்கிறதா என்று கார் தருபவரிடம் கேளுங்கள். ஊருக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். இருட்டிய பிறகு விளக்கில்லாத குதிரை வண்டிகள் வளைவுகளில் எதிர்ப்படும் என்பதால் இரவில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. ஓட்டுபவர் ரத்தத்தில் மது துளியும் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். இரண்டு முறை வடித்த ‘ஹோரிங்கா’ என்னும் பிளம் பழச் சாராயத்தை வீட்டுக்கு வீடு நீட்டுவார்கள். அதில் பாதிக்குப் பாதி ஆல்கஹால். ‘நான்தான் வண்டி ஓட்டுகிறேன்’ என்றால் யாரும் வற்புறுத்துவதில்லை.

தங்குவதற்கு சிகேத்தைவிட வாது இசேய் அல்லது ப்ரெப் கிராமம் மேல். வீட்டோடு ஒட்டிய விடுதிகள், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்தே தருவார்கள். சைவர்கள் அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேகவைத்த நீரில் செய்த சூப் வரும். ‘தே போஸ்ட்’ என்று சொல்லுங்கள்: ஆர்த்தடாக்ஸ் நோன்புச் சாப்பாடு, அதில் இறைச்சி, முட்டை, பால் மூன்றும் இராது. பீன்ஸ் மசியல், காளான் வைத்த முட்டைக்கோசு உருண்டை, கத்தரிக்காயும் மிளகாயும் சேர்ந்த ‘சகுஸ்கா’ என்று வயிறு நிறையும். பால் சாப்பிடுகிறவர்களுக்கு மக்காச்சோளக் களியான ‘மமலிகா’வும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் புளித்த க்ரீமும். ஆனால் இங்கே அதன் மேல் பன்றிக் கொழுப்பு வறுவலைத் தூவுவது வழக்கம். அது இல்லாமல் கேளுங்கள்.

எப்போது போவது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வைக்கோல் காலம். கழியை நட்டு, சுற்றிலும் புல்லை மிதித்து மிதித்துப் போர் போடுவதைச் சரிவுகளிலெல்லாம் பார்க்கலாம். ஜூனில் வெளிச்சம் இரவு ஒன்பதரை வரை இருக்கும். ஆகஸ்ட் 15 அன்று மொய்செய் மடத்துக்கு வெள்ளை உடுத்திப் பாடிக்கொண்டே நடந்து போகும் கிராமக் கூட்டங்கள் சாலையை நிறைக்கும். அக்டோபரில் பிளம் வடிப்பு. டிசம்பர் 27 அன்று சிகேத் தெருக்களில் முகமூடி அணிந்தவர்களும் குதிரை வீரர்களும் பாட்டுக் குழுக்களுமாக மர்மாட்சியா விழா. அறைகளைச் சில மாதங்கள் முன்பே பிடித்துவிட வேண்டும். அந்த மாதத்தில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். மின்விளக்கு இல்லாத தேவாலயங்களும் இருப்பதால் அவற்றைக் காலையில் வைத்துக்கொண்டு, சிறை நினைவகத்தையும் அருங்காட்சியகங்களையும் பிற்பகலுக்கு விடுங்கள்.

இப்படிக்கு,
மராமுரெஷ் வட்டாரத்தை அறிந்த வாசகர்கள்